நடக்காத நேரத்தில் நாங்கள் எங்கே இருப்பது?

பங்குனி உத்திரப் பாதயாத்திரை ஏற்பாடுகளைக் கவனிக்கும் பல்வேறு துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்து போகும் எத்தனையோ கூட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. என்றைக்குப் புறப்படுவது, எந்த நேரத்தில் நடப்பது, எங்கே உட்காருவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை எங்கள் கூட்டத்தில் என்னுடையது. பாதையைப் பற்றியோ வழக்கத்தைப் பற்றியோ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆலோசனைக் கூட்டம் போடுகிறீர்கள், எல்லாம் தெரியும். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு வழியெங்கும் இரண்டு அறிவிப்புகளைப் பார்த்தோம். ஒன்று, பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நடமாட வேண்டாம் என்றது. இன்னொன்று, இரவு நேரத்தில் சாலையில் நடப்பதைத் தவிர்க்கவும் என்றது. இரண்டிலும் தவறில்லை. வெயிலும் கொல்லும், லாரியும் கொல்லும். முடிந்தவரை இரண்டையும் மதித்தே நேரம் குறித்தோம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பது, ஒன்பதரை வரை நடப்பது. சாயங்காலம் தார் ஆறிய பிறகு ஐந்து மணிக்கு எடுத்து இரவு பத்துக்குள் நிறுத்திக்கொள்வது. வளர்பிறை நாட்கள் என்பதால் முன்னிரவில் நிலா வெளிச்சமும் இருக்கும். இது போதும், பழனி வந்து சேர்ந்துவிடலாம். நடக்கிற நேரத்தைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை, நீங்களே நடக்க வேண்டாம் என்று சொல்லும் உச்சிவெயில் உட்பட, அந்த ஏழரை மணி நேரம் நாங்கள் எங்கே இருப்பது?

இரவு தங்க இடம் கிடைத்துவிடுகிறது. கோயில் மண்டபம், சத்திரம், யாராவது ஒரு புண்ணியவானின் களத்துமேடு. பகலுக்குத்தான் ஒன்றும் இல்லை. யாத்திரை என்றாலே இரவில் தங்குவது என்று கோப்பில் எப்போதோ எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. அது தைப்பூசத்துக்குச் சரி. தை மாதத்துப் பனியில் பத்து மணிக்கும் நடக்கலாம், பதினோரு மணிக்கும் நடக்கலாம். பங்குனியில் முடியாது. தைப்பூசத்துக்குப் போட்ட ஏற்பாட்டிலேயே தேதியை மட்டும் மாற்றி எங்களுக்கும் தருகிறீர்கள்.

இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. அந்தக் காவலாளியும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், அவர் தலையில் இது விடியக் கூடாது.

ஒன்பதரை மணிக்கு அந்த ஊரை அடைந்தோம். விளைபொருள் ஏலம் நடக்கும் பெரிய கொட்டகை ஒன்று அங்கே உண்டு. ஏலம் இல்லாத நாளில் முன்பெல்லாம் கேட்டால் திறந்து விடுவார்கள். நாங்களும் அதை நம்பித்தான் அன்றைய கணக்கைப் போட்டிருந்தோம். போனால் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு மூட்டை கிடையாது. நீளமான கூரை, சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு குழாய். "யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் காவலாளி. அவரை என்ன சொல்ல?

அடுத்த நிழலுக்கு எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வெறுங்காலோடு போகிற தூரம் இல்லை. சுற்றுச்சுவரின் ஓரமாக உட்கார்ந்தோம். பங்குனி கடைசியில் எங்கள் ஊர்களில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே வந்துவிடும். சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உச்சிவேளையில் அதன் நிழல் ஒரு சாண்தான். பத்து மணிக்குக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு மணிக்குக் காலை மடக்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் எழுந்து முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம், அடையாள அணிவகுப்பில் நிற்கிறவர்கள் மாதிரி. தீர்த்தக் காவடியைத் தரையில் வைப்பது எங்கள் கூட்டத்தில் வழக்கமில்லை. இளவட்டங்கள் தோள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். செம்பைத் தொட்டால் சுட்டது. சுவாமிக்குக் குளிரக் குளிர ஊற்றத்தான் அந்தத் தண்ணீர்.

கூட்டத்தில் அறுபதைத் தாண்டிய ஆத்தா ஒருவர். காலையில் கடைசி மைல் தூரத்திலேயே உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருந்தது. நின்றால் வலி, உட்கார இடமில்லை. ஈரத்துண்டை மடித்துக் காலடியில் போட்டு அதன்மேல் நின்றார். துண்டு காய்ந்ததும் யாராவது தங்கள் குடிதண்ணீரில் கொஞ்சம் ஊற்றுவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், மூலையில் இருந்த குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் வேண்டும் என்று கேட்கத்தான் நாக்கூசி, என் காதில் வந்து சொன்னார். சாலையின் இரு பக்கமும் வெட்டவெளி. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போயாயிற்று. இருட்டும் வரை பொறுத்துக்கொள் என்று ஒரு மூதாட்டியிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது. அதனால்தான் காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று உங்கள் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தீர்கள். நல்ல யோசனை.

வெறுங்காலோடு ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், அது வேண்டுதல். ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வெயில் ஏற ஏற நாங்கள் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடப்போம். ஒழுங்குக்காக இல்லை. கறுப்புத் தாரைவிட அந்த வெள்ளைப் பட்டையில் சூடு குறைவு. காற்று 38 டிகிரி என்றால் தார் 60-ஐத் தொடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும், எங்கள் பாதங்களுக்கும் தெரியும். அதைவிட்டு மண்ணில் இறங்கினால் கருவேல முள், நெருஞ்சி, உடைந்த பாட்டில். கோட்டின் மேலேயே நடந்தால் பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடி தோளை உரசுகிறது. ஒதுங்கி நடங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வாகனம் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஒதுங்கத்தான் இடம் கேட்கிறோம், ஐயா. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஒரு கூரை.

"இவ்வளவு வெயிலில் எதற்கு, தைப்பூசத்துக்கே நடந்துவிட்டுப் போகலாமே?" என்று ஓர் அதிகாரி எங்களிடம் அக்கறையோடு கேட்டார். அவருக்கு அப்போது சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களின் வழக்கம் வேறு. நாங்கள் கொண்டுபோவது தீர்த்தம். கோடை தொடங்குகிற காலத்தில் பழனியாண்டவருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோய் அபிஷேகம் செய்வது கொங்கு நாட்டாருக்குத் தலைமுறை தலைமுறையாக வருகிற கடமை. வெயில் இருப்பதால்தான் நடக்கிறோம். வெயில் இல்லாத மாதத்துக்கு இதை மாற்றுங்கள் என்றால், மழை இல்லாத நாளாகப் பார்த்துக் குடை பிடிக்கச் சொல்கிற கதையாகிவிடும்.

நாள் எங்கள் கையில் இல்லை, நட்சத்திரத்தின் கையில் இருக்கிறது. உத்திரம் 2022-இல் மார்ச் 18 அன்று வந்தது. 2023-இல் ஏப்ரல் 5. 2024-இல் மார்ச் 25. 2025-இல் ஏப்ரல் 11. மூன்று வாரத்துக்கு மேல் முன்னே பின்னே ஆகிறது. இந்தப் பக்கத்தில் மார்ச் நடுவில் அடிக்கிற வெயிலும் ஏப்ரல் இரண்டாம் வாரத்து வெயிலும் ஒன்றல்ல. வானிலை அறிக்கையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று பார்த்தாலே போதும். ஏப்ரலில் உத்திரம் வந்தால் பள்ளிக்கூடங்களும் கிடைக்காது. 2025-இல் உத்திரத்தன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்திருக்கவில்லை. பிள்ளைகள் பரீட்சை எழுதும் கட்டடத்தை நாங்கள் கேட்க மாட்டோம், கேட்கவும் கூடாது. ஆனால் எந்த ஆண்டில் உத்திரம் ஏப்ரலில், வெயில் ஏறிய நாளில் வரும் என்பது பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஓராண்டு முன்பே தெரிந்துவிடும். அதற்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு மாறுகிறதா என்றால், இல்லை.

சரி, என்னதான் செய்தார்கள் என்று கேட்டால், வரவேற்புப் பதாகை வைத்தார்கள். பாதயாத்திரை பக்தர்களை வருக வருக என்று கும்பிட்டபடி வரிசையாக முகங்கள். அந்தச் சுவரோரம் நின்றபோது எதிரே இருந்த பதாகையின் நிழலுக்கு எங்கள் பிள்ளைகள் சிலர் ஓடினார்கள். உச்சிவேளையில் அதற்கும் நிழல் இல்லை. நீர்மோர்ப் பந்தல்கள் இருந்தன. திறந்த அன்று மோர் இருந்தது, தர்ப்பூசணி இருந்தது, கேமரா இருந்தது. நாங்கள் போன அன்று பானை இருந்தது. அன்னதானத்துக்குக் குறைவே இல்லை. மைலுக்கு மைல் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஜனங்களை எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போட ஆயிரம் பேர் இருக்கிற சாலையில், நிழல் கொடுக்க அரசாங்கத்தைத் தவிர யாருக்கு வசதி இருக்கிறது? கூரைகள் எல்லாம் உங்களிடம் அல்லவா இருக்கின்றன?

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயில் தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே தொடங்கும். 38-இல், வெறுங்காலோடு, தார்ச்சாலையில் நிற்கிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். செத்த பிறகு கிடைக்கும் 4 லட்சத்தில் ஒரு பைசாகூட எங்களுக்கு வேண்டாம். உயிரோடு இருக்கும்போது ஏழரை மணி நேரம் ஒரு கேட்டைத் திறந்துவிடுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். இந்தப் பாதையில் முத்தூர், வெள்ளகோவில் போன்ற ஊர்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன. ஏலம் நடக்கும் நாள் எது, நடக்காத நாள் எது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஏலம் இல்லாத நாளில் அந்தக் கொட்டகையைத் திறந்து விடலாம். உழவர் சந்தை உள்ள ஊர்களில் காலை வியாபாரம் முடிந்த பிறகு அந்தக் கடை மேடைகள் மறுநாள் விடியும் வரை காலியாகத்தான் கிடக்கின்றன. சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. உத்திரத்துக்கு முந்தைய ஒரு வாரம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, இவற்றைத் திறந்து வைத்தால் போதும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். பெண்களுக்கான கழிப்பறை பூட்டாமல் இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் இன்னும் நல்லது. கொட்டகையே இல்லாத நீண்ட இடைவெளிகளில் தென்னங்கீற்றில் ஒரு பந்தல். அதற்குப் பதாகை தேவையில்லை. அந்தச் செலவில் இன்னும் நாலு கீற்று வாங்கலாம்.

அப்புறம், எந்தெந்த இடம் திறந்திருக்கும் என்ற பட்டியலைக் கொடியேற்றத்துக்குப் பத்து நாளாவது முன்பே வெளியிடுங்கள். நேரம் குறிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். திறந்திருக்கும் இடம் தெரிந்தால் அதற்கேற்ப அன்றைய தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்வோம். தெரியாமல் போய்ப் பூட்டின் முன் நிற்கும்போதுதான் கூட்டம் உச்சிவெயிலில் சாலையில் இறங்குகிறது, உங்கள் காவலர்களும் எங்களோடு வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது.

உள்ளே விட்டால் அசுத்தம் செய்துவிடுவார்கள் என்பதுதான் பூட்டியதற்குக் காரணம் என்று பிறகு கேள்விப்பட்டோம். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், சாலையோரம் கிடக்கும் பாக்குமட்டைத் தட்டுகளை நானும் பார்க்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது. கூட்டத்துக்கு ஒருவர் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் வேண்டுமென்றாலும் கட்டுகிறோம், கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட்ட பிறகு திருப்பித் தாருங்கள். எங்கள் கூட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த பங்குனிக்கான ஆலோசனைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, முடியும், முடியாது என்று ஒரு பதில் தெரிவிக்க வேண்டுகிறேன். முடியாது என்றால் அந்த ஏழரை மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதையும் தயவுசெய்து அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
தீர்த்தக் காவடிக் கூட்டம் ஒன்றில் நாளும் நேரமும் குறிப்பவன்