கதவு சுவிட்சை மாட்டிவிட்டு மெஷினை ஓட்டச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பினாங்கு, பிறையில் உங்கள் லேத் (கடைசல் இயந்திர) பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கும் சிஎன்சி ஆபரேட்டர், அதாவது கணினி இயக்கும் மெஷினை ஓட்டுபவன், எழுதுகிறேன். போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்களோடு வேலை செய்யும் தம்பியின் கையில் தையல் போட்டாயிற்று. அறிக்கையில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்றும் எழுதியாயிற்று. அந்த ஒரு வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மெஷின் கதவைத் திறந்தால் ஸ்பிண்டில், அதாவது வெட்டும் துண்டைச் சுழற்றும் தண்டு, நிற்க வேண்டும். அதற்காகத்தான் கதவில் ஒரு நாக்கும் கதவுச் சட்டத்தில் ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார்கள். கதவை மூடினால் நாக்கு சுவிட்சுக்குள் போகும்; அப்போதுதான் ஸ்பிண்டில் சுற்றும். எங்கள் மெஷினில் அந்த நாக்கைக் கழற்றி, சுவிட்சுக்குள்ளேயே செருகி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. கதவு அகலத் திறந்து கிடந்தாலும் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெட்டும்போது உலோகச் சீவல் உடையாமல் நீளமாக வந்து ஜாப்பில் (வெட்டும் துண்டில்) சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி எடுத்தால் டார்கெட் எட்டாது. அதனால் ஓடும்போதே கொக்கியை உள்ளே விட்டுச் சீவலை இழுக்கிறோம். சீவல் கையுறையில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தம்பிக்கு நடந்தது அதுதான். டேப் சுற்றியது அவன் இல்லை.

அந்த டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. தயவுசெய்து சுவிட்சை மாட்டுங்கள்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். உடனடி ஆபத்தைச் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால் ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகலாம். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நாங்கள் விலக விரும்பவில்லை, வேலை செய்யத்தான் விரும்புகிறோம்.

உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறீர்கள். வந்தவன்தானே இவன்! எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழோடு வந்து, ஆஃப்செட் (வெட்டுக்கருவியின் அளவுத் திருத்தம்) போடவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் நன்றாகப் பழகியவன். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே வாங்கிக்கொண்டு, மீதியை ஓ.டி. செய்து சமாளிக்கிறான். இப்போது அவன் அம்மா சிங்கப்பூருக்குப் போய்விடு என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்லித் தடுப்பது?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சுவிட்சை மாட்டுங்கள். சீவல் எடுக்க நிறுத்தும் நேரத்தையும் சைக்கிள் டைமில், அதாவது ஒரு துண்டு செய்ய நீங்கள் கணக்கிடும் நேரத்தில், சேருங்கள். சீவலை உடைக்கும் இன்செர்ட் (மாற்றிப் போடும் வெட்டுமுனை) வாங்கிக் கொடுத்தால் நிறுத்துவதே பாதி குறையும். அறிக்கையில் தம்பியின் பேரில் எழுதிய பழியைத் திருத்துங்கள். அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் எங்களில் ஒருவரைப் பேச விடுங்கள்.

பணிவுடன்,
லேத் பிரிவு ஆபரேட்டர்