டெல்டா மாவட்டங்களின் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயுடன் வாழ்வோர் சார்பில், அந்நோயுள்ள ஒரு பெண்ணின் தந்தை என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

லூபஸ் வந்தவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. ஆனால் எல்லோருக்கும் கால் வீங்குவதில்லை, முகம் உப்புவதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் இயங்கும் திறனை இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவும்கூடச் சரியாகவே இருக்க, சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும்போதுதான் பாதிப்பு தெரியவருகிறது. இத்தகையோரைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த மருத்துவர்கள் கண்டது பெரிதும் ஆறுதல் தருவது: பெரும்பாலோருக்குப் பாதிப்பு இலேசானது, சிறுநீரகம் நெடுங்காலம் நன்றாகவே இயங்குகிறது. எனினும், எந்த அறிகுறியும் இல்லாத சிலரிடம் திசு ஆய்வைக் கொண்டு மருத்துவர்கள் பிரிக்கும் வகைகளில் மூன்றாம், நான்காம் வகையைச் சேர்ந்த கடுமையான பாதிப்பும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே, நாளொன்றுக்குச் சிறுநீரில் வெளியேறும் புரதம் அரை கிராமைத் தொடும் கட்டத்தைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பதைப் பொறுத்தே அவர்களின் பிற்காலம் அமைகிறது.

அதற்குத் தேவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர், இரத்த அழுத்தம், கிரியேட்டினின் பரிசோதனை, அவ்வளவே. வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் இதற்காகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். உடம்பில் தொந்தரவு எதுவும் தெரியாதபோது, அதுவும் நடவு நேரத்தில், எத்தனை பேர் வருவார்கள்? வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அந்தப் பட்டியலிலேயே லூபஸ் நோயாளிகளையும் சேர்த்து, அவர்களின் சிறுநீர், இரத்த மாதிரிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்று ஆய்வகத்துக்கு அனுப்பவும், முடிவில் மாற்றம் தெரிந்தால் சிறுநீரக மருத்துவரிடம் உடனே அனுப்பவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

கூடவே, கிராம செவிலியர்கள் வீட்டுக்கு வரும்போது இரண்டு செய்திகளை எடுத்துச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும். உடம்பு நன்றாயிருக்கிறது என்று, லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோய் மீண்டும் கிளம்புவதை அது குறைக்கிறது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

களத்துமேட்டு வெயிலே இந்நோயைத் தூண்டக்கூடியது என்பதால், குறுவைப் பணிகள் மும்முரமாவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டை ஒரு வட்டாரத்திலாவது தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லூபஸ் நோயாளி ஒருவரின் தந்தை,
திருத்துறைப்பூண்டி வட்டம்.