அயிரையும் ஒரு மூட்டை யூரியாவும்

பாகூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

7 மாதமாக எழுதவில்லை. திட்டித் தீர்த்திருப்பாய். முழங்கால் வலி, பேத்திக்குக் காதுகுத்து என்று காரணம் அடுக்கலாம். உண்மையில் சோம்பல்தான். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அத்தைக்குக் காதுதான் மந்தம், உன் முறுக்குக் கணக்கை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஓடையில் மீன் செத்துப்போச்சு.

செவ்வாய்க்கிழமை விடியலில் மோட்டார் போடப் போனேன். நீ வழுக்கி விழுந்த அதே படிக்கட்டு. கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. நண்டு இரண்டு கரையேறி ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தன. பாசியில் சிக்கிய அயிரைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன, ஒரு சொம்பு நிறைய அள்ளலாம். 8 மணிக்குள் கொக்கு வந்து பந்தி முடித்துவிட்டது.

யாரோ மருந்து கலந்துவிட்டான் என்று தெருவே கத்தியது. நானும் சேர்ந்து கத்தினேன். அப்புறம்தான் கவனித்தேன், விராலும் பனையேறிக் கெண்டையும் ஒன்றுகூடச் சாகவில்லை. மருந்தென்றால் அவை மட்டும் தப்புமா? அவை மேலே வந்து காற்றை நேரே குடிப்பவை. அப்படியானால் மற்றவை மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. தேவனாம்பட்டினத்தில் விலங்கியல் படித்தது 38 வருஷம் கழித்து அன்றைக்குத்தான் உதவியது. உதவாமலே இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் சொர்ணவாரிப் போக நெல்லுக்கு மேலுரமாக யூரியா போட்டவன் நான். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு அரை மூட்டைக்குச் சற்றுமேல் போதும். பயிர் வெளிறித் தெரிந்ததே என்று முழு மூட்டையையும் விசிறினேன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அன்று ராத்திரியே கோடை மழை கொட்டியது. பயிர் மூழ்குமே என்று காலையில் மடையை வெட்டிவிட்டேன். எல்லாம் ஓடைக்குப் போயிற்று. ஓடை என்று பேர்தானே, வைகாசியில் அது குட்டை குட்டையாகத் தேங்கித்தான் கிடக்கும்.

பேரே தழைச்சத்து. நெல்லுக்குப் போட்டால் நெல் தழைக்கும், தண்ணீரில் போட்டால் பாசி தழைக்கும். பாசிக்கு வேண்டிய மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, என் டிஏபி உரம் இருக்கிறது, தெருவின் சோப்புத் தண்ணீர் இருக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை விடும், பார்க்கப் பச்சைப்பசேலென்று நன்றாகத்தான் இருக்கும். ராத்திரியில் அதுவும் மூச்சுவிடுமே! செத்த பாசி அழுகும்போது நுண்ணுயிர் வேறு மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர் வெயிலில், 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். 2-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன் தாங்காது. விடியலுக்குச் சற்று முன்புதான் ரொம்பக் குறைவாக இருக்கும். முந்தின இரண்டு நாள் மேகமூட்டம் வேறு, பகலில் பாசி விடும் ஆக்சிஜன் வரவும் சரியாக இல்லை.

மத்தியானக் கதை இன்னும் மோசம். பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரில் காரத்தன்மை ஏறும். அது ஏறினால், யூரியாவிலிருந்து வந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறி மீனின் செவுளில் கைவைக்கும்.

பாசி இல்லாவிட்டால் தப்பலாமோ என்று நினைத்தேன். அமெரிக்காவில், வட கரோலினாவின் கோவீட்டா காட்டில், நிழலான சிற்றோடைகளில் வேண்டுமென்றே இந்தச் சத்துகளை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூஞ்சையும் நுண்ணுயிரும் கொழுத்து, ஓடையில் விழுந்த சருகு வழக்கத்தைவிடப் பாதிக் காலத்தில் தீர்ந்துபோயிற்று. சருகை நம்பி வாழும் பூச்சிகளுக்குச் சாப்பாடு சீக்கிரமே காலி. நம்ம ஓடைக்கரைப் புங்கமரம்தான் ஞாபகம் வந்தது.

நேற்று படியோரச் செங்கல்லைப் புரட்டினேன். முன்பெல்லாம் தட்டான் குஞ்சு ஓடும், இறால் குஞ்சு துள்ளும். இப்போது கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம், அதில் நெளியும் செம்புழு. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின்தான். துளி ஆக்சிஜனையும் அது பிடித்துக்கொள்வதால் இவை பிழைத்துக் கிடக்கின்றன.

என் ஒரு மூட்டையா ஓடையைக் கெடுத்தது என்று நீ சமாதானம் சொல்வாய். வேண்டாம். அந்த வடிகாலில் 40 வயல் தண்ணீர் விழுகிறது, சாக்கடை விழுகிறது, எல்லாம் தெரியும். ஆனால் தெருவில் நின்று அடுத்தவனைத் திட்டியவன் நான். இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்த போகத்துக்கு இலை வண்ண அட்டை வாங்கியிருக்கிறேன். இலையின் பச்சை அட்டையில் சொன்னதைவிட வெளிறினால்தான் யூரியா. வயல் தண்ணீரைக் குறைத்துவிட்டு உரம் போட்டு, ஒரு வாரம் மடையைத் திறக்கக்கூடாது. மழை கேட்குமா, பார்ப்போம்.

உன் மகளின் ஆய்வகத்தில் ஆக்சிஜன் அளக்கிற கிட் பழசு ஏதாவது கிடக்குமா என்று கேள். விடியல் 5 மணிக்கு அளக்க நான் தயார். நீ வந்தாலும் சரி, ஆனால் அந்தப் படியில் இறங்காதே.

உன்,
தவளை

பி.கு.: அத்தைக்கு அயிரைக் குழம்பு வேண்டுமாம். என்ன பதில் சொல்வது?