பிப்ரவரி 13 இரவு உடனிருந்தவர்களுக்கு

எங்கள் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அன்றிரவு நடந்த துப்பாக்கிச்சூடு எல்லோருக்கும் தெரியும். டிவியில் எங்களைவிட நீங்கள்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்று பிள்ளைகள் வீடு திரும்பவில்லை, ஐந்து பேர் ஆஸ்பத்திரியில். நான் முழுசாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணமானவர்கள் பலர்.

முதலில் ஒரு பெண். பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டாள். தமிழ் தெரியாது, இதைப் படிக்கவும் மாட்டாள். அவளிடம் நேரில் சொல்லிவிட்டேன். நம் ஆட்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மிச்சிகன் ஸ்டேட்டில் நான் உதவி ஆசிரியராக இருக்கும் பாடத்தில் முதலாமாண்டு மாணவி அவள். அன்றைக்குச் சந்தேகம் கேட்க வந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தி. 8:31க்கு எல்லார் ஃபோனிலும் அந்தச் செய்தி வந்தது: இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருங்கள், ரன், ஹைட், ஃபைட். நாங்கள் படித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டாள். பூட்டு மட்டும் போதாது என்று, ஒரு பையனின் பெல்ட்டை வாங்கி, கதவுக்கு மேலே மடங்கி விரியும் இரும்புக் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத சுவரோரமாக எங்களைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தாள். ஃபோனை சைலண்டில் போட்டால் போதாது, வைப்ரேஷனையும் நிறுத்து. யார் தட்டினாலும் திறக்காதே. போலீஸ் உள்ளே வந்தால் வெறுங்கையை விரித்துக் காட்டு. எல்லாம் கிசுகிசுப்பாக.

ஒருவன் போலீஸ் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே சுடுகிறார்களாம், அங்கே சுடுகிறார்களாம் என்று நிமிஷத்துக்கு ஒன்று. அவற்றில் நிறைய வெறும் பயத்தில் கிளம்பியவை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் அதை அணைக்கச் சொன்னாள். பல்கலைக்கழகச் செய்தியை ஒருத்தர் மட்டும் பார்க்கட்டும், மற்றவர்கள் பேட்டரியை மிச்சம் பிடியுங்கள் என்றாள்.

இதெல்லாம் பயிற்சி வீடியோக்களிலும் கிடைக்கும். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பத்து மணி வாக்கில் என்னால் அடக்க முடியவில்லை. அறையில் பையன்கள் இருக்கிறார்கள், நான் அவர்களுக்கு டீச்சர். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் எப்படிக் கவனித்தாளோ தெரியாது. தவழ்ந்து போய்க் குப்பைத் தொட்டியிலிருந்த காகிதங்களைக் கொட்டினாள், உள்ளே பேப்பர் டவலைச் சுருட்டிப் போட்டாள், மூலையில் மேசைக்குப் பின்னால் இழுத்து வைத்தாள். தன் நீளமான குளிர்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, ‘எனக்கு அவசரம், கொஞ்சம் மறைத்துப் பிடியுங்கள்’ என்றாள். பிடித்தேன். முடித்துவிட்டு வந்து கோட்டை வாங்கிக்கொண்டு, ‘இப்போது நீங்கள்’ என்றாள். நின்றால் வெளியே தெரியும் என்பதால் மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பையன்களும் போனார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

அவளுக்கு அப்போது உண்மையிலேயே அவசரமாக இருந்ததா என்று நேற்றுக் கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை.

எங்கே கற்றுக்கொண்டாய் என்றதற்கு, மூன்றாம் வகுப்பில் என்றாள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட 2012இல் அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவள் வகுப்பு அலமாரியில் ஒரு பக்கெட்டும் ஒரு பை பூனை மணலும் (வீட்டுப் பூனையின் கழிவுக்குப் போடுவது) இருந்தனவாம். கதவைப் பூட்டி மணிக்கணக்கில் உள்ளே இருக்க நேர்ந்தால் பிள்ளைகளுக்குக் கழிப்பறை அதுதான். அதே வயதில் நான் கோபியில் மதிய மணி எப்போது அடிக்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இது தெரிந்திருந்ததால் என் மானம் தப்பியது. தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வந்ததே என்று வயிறு எரிகிறது. 2021இல் இதே மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் தப்பித்த சில பிள்ளைகளும் அன்றிரவு இதே வளாகத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு இது இரண்டாவது முறை.

அடுத்து, கோபியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அங்கே அப்போது காலை ஏழு மணி. எனக்கு மெசேஜ் மட்டும்தான் அனுப்ப முடிந்தது. அம்மாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது, அதனால் அக்காவுக்கு அனுப்பினேன். அவர் உடனே வந்து டிவியை நிறுத்திவிட்டு, மத்தியானம் வரை அம்மா கையிலிருந்த ஃபோனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ‘கூப்பிடாதீங்கம்மா, சத்தம் கேட்டுரும். புள்ளையே கூப்பிடும்’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. அப்பாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்துக் கரட்டடிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் நாரிஸ் ஹாலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நான் அமெரிக்கா கிளம்பிய நாளிலிருந்து அப்பா அந்தப் பெயரை ஒரு தடவைகூட என் முன்னால் சொன்னதில்லை. அன்று காலை அக்காவிடம் சொன்னாராம்.

மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கும்பிடு: எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த போலீஸ்காரர்கள், காயம்பட்டவர்களைக் காப்பாற்றிய ஸ்பாரோ மருத்துவமனைக்காரர்கள் (செய்தியாளர்கள் முன்னால் பேச முடியாமல் அழுத டாக்டர் டென்னி மார்ட்டினை நான் மறக்க மாட்டேன்), அரை மணிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்ட என் பேராசிரியர், நள்ளிரவுக்கு மேல் வெளியே வரலாம் என்று சொன்னதும் ஆன் ஆர்பரிலிருந்து காரை எடுத்து வந்து எங்கள் மூன்று பேரைக் கூட்டிப்போய் ரசம் சாதம் போட்ட குடும்பம், புதன்கிழமை வளாகத்திலுள்ள பாறையருகே அஞ்சலிக் கூட்டத்தில் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்த முகம் தெரியாத பெரியவர்.

திங்கட்கிழமை வகுப்புகள் மறுபடி தொடங்குகின்றன. இனி நான் எடுக்கும் எந்த வகுப்பிலும் முதல் ஐந்து நிமிஷம் கதவுகளுக்குத்தான்: எது வெளியே போகும், ஓட வழியிருந்தால் எந்தப் பக்கம், இல்லையென்றால் எந்தச் சுவரோரம். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மெய்ஜர் கடையில் ஒரு பக்கெட்டும் ஒரு பை பூனை மணலும் வாங்கிவிட்டேன். பில் போட்ட அம்மா, ‘எத்தனை பூனை?’ என்று கேட்டார். ‘இருபத்திரண்டு’ என்றேன். என் வகுப்பில் அத்தனை பேர்.

2023 பிப்ரவரி 18
கிழக்கு லான்சிங், மிச்சிகன்