ஐந்து ஊர் வேண்டாம், ஒரு பள்ளத்தாக்கு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது தமிழ் இதழ்களின் பயணப் பக்கங்களில் பிரான்ஸும் இடம்பிடித்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஐஃபெல் கோபுரம், வெர்சாய் அரண்மனை, லூர்து மாதா கோயில் என்பதோடு சரி. நாட்டுப்புறத்தைப் பற்றி எப்போதாவது எழுதினாலும், காரில் ஒரே நாளில் பார்க்கக்கூடிய ஐந்து அழகிய கிராமங்கள் என்று ஒரு பட்டியல்தான் வருகிறது. அதை நம்பிப் போகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். மீதி நேரத்தில் கல்வீடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த வீடு ஏன் அங்கே இருக்கிறது, அந்தப் பாதையை யார் எதற்காக வெட்டினார்கள் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

ஒரே பள்ளத்தாக்கில் மூன்று நாள் தங்கி, காலால் நடந்து பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். எடுத்துக்காட்டுக்குத் தென்மேற்கு பிரான்ஸின் லோ ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சொல்கிறோம். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், காவோர் நகரில் இறங்கலாம். துலூஸ் வழியாக லூர்துக்குக் காரில் போகும் நம் குடும்பங்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன. காவோரிலிருந்து ஆற்றோரமாக ஃபிஜாக் வரை பேருந்து உண்டு. நாளுக்குச் சில தடவைதான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறையும். ஆகவே திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நடையைத் திட்டமிட வேண்டுமே தவிர, நடந்து முடித்துவிட்டுப் பேருந்தைத் தேடக் கூடாது.

இந்த வட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் மூலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்ததால் குகைகள் உண்டாயின. ஆறு அதை அறுத்ததால் செங்குத்தான பாறைச்சுவர்கள் எழுந்தன. வீடு, வேலி, குடிசை, வண்ணான்துறை எல்லாமே அந்தக் கல்தான். மேட்டுநிலத்தில் ஓடைகளைக் காண்பதே அரிது என்பதற்கும் அதே கல்தான் காரணம். நடப்பவர்கள் இந்த ஒன்றை மறந்தால் வெயில் காலத்தில் தண்ணீருக்குத் தவிக்க நேரிடும்.

முதல் நாளுக்கு பூசியெஸ் என்ற சிற்றூரிலிருந்து சென்-சீர்-லபோப்பி வரையிலான ஆற்றோரப் பாதை. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கடைசி ஏற்றத்தைத் தவிர எல்லாம் சமதளம், குழந்தைகளும் நடப்பார்கள். அந்தக் காலத்தில் காவோர் வட்டாரத்து ஒயின் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குப் போனது. திரும்பும்போது உப்பும் உலர்ந்த மீனும் வந்தன. ஆற்றை எதிர்த்து வரும் படகைக் கரையில் நின்று கயிறு கட்டி இழுக்க வேண்டும். பூசியெஸுக்குக் கிழக்கே பாறைச்சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதால் இழுப்பவர்கள் கால் வைக்கக் கரையே இல்லை. அதனால் 1840களில் பாறையின் அடிப்பகுதியைக் குடைந்து, மேலே கல்லைக் கூரையாக விட்டு, நீருக்குச் சற்று மேலே ஒரு பாதை வெட்டினார்கள். இன்று நாம் நடப்பது அதில்தான். குடைந்த சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், உளி இறங்கிய தடங்கள் சாய்வுக் கோடுகளாகத் தட்டுப்படும். ஓரிடத்தில் சிப்பியும் நீர்ச்சுழியுமாக நீண்ட புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. அதைப் பழங்காலத்தது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது டானியல் மொனியே என்ற சிற்பி 1980களில் செதுக்கியது. 1886இல் காவோரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியே ரயில் ஓடத் தொடங்கியதும் படகுத் தொழில் நொடித்துப்போனது. பிறகு அந்த ரயிலும் நின்று, இப்போது அதன் இடத்தில் பேருந்து.

குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் ஆறு பெருகினால் இந்தப் பாதை நீரில் மூழ்கும். கல் சரிந்தாலும் அடைத்துவிடுவார்கள். தடுப்பு போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போக வேண்டாம், மேட்டின் மீது சுற்றிப்போகும் வழி உண்டு. மழை பெய்த மறுநாள் தேய்ந்த சுண்ணாம்புக்கல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். செருப்போடு வருகிறவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அடிப்பாகம் ஆழமாக வரியோடிய காலணி தேவை.

சென்-சீர்-லபோப்பி ஆற்றுக்கு மேலே பாறை விளிம்பில் தொங்குகிற ஊர். ஒரு காலத்தில் பீப்பாய்களுக்கான மரக் குழாய்களைக் கடைந்து கொடுத்த கடைசல்காரர்களின் ஊர் இது. தெருவோரம் அகன்ற வளைவு வாசல்கள் கண்ணில் பட்டால், அவற்றுக்குப் பின்னால் அவர்களின் பட்டறைகள் இருந்தன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதம் பகல் பதினொரு மணிக்கு மேல் இங்கே கால் வைக்க இடமிருக்காது. காலை எட்டு மணிக்குப் பூசியெஸில் புறப்பட்டால் கூட்டத்துக்கு முன்பே ஊரைச் சுற்றிவிடலாம்.

இரண்டாம் நாள் பெஷ் மேர்ல் என்ற பழங்கால ஓவியக் குகை. பூசியெஸிலிருந்து ஜிஆர் 651 என்ற நெடும்பாதையில் கப்ரெரே என்ற ஊர் வரை நடக்கலாம், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குகைக்கு இன்னும் ஓர் ஏற்றம். 1922இல் உள்ளூர்ச் சிறுவர்கள் கண்டெடுத்த குகை இது. இங்கே வரைந்துள்ள புள்ளிக் குதிரைகளின் வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். வலப்புறக் குதிரையின் தலையைக் கவனியுங்கள். பாறையின் விளிம்பே இயற்கையில் குதிரைத்தலை வடிவில் இருக்கிறது, ஓவியர் அதைப் பார்த்துத்தான் உடலை வரைந்திருக்கிறார். புள்ளிகள் உடலோடு நிற்காமல் கோட்டுக்கு வெளியேயும் பரவியிருக்கும். இவற்றை வாயில் நிறத்தை வைத்து ஊதி வரைந்திருக்க முடியும் என்பதை மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற ஆய்வாளர் தாமே ஊதி வரைந்து காட்டினார். புள்ளிக் குதிரை வெறும் கற்பனை என்று நெடுநாள் கருதியவர்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட குதிரைகள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருந்தன என்று 2011இல் பழங்கால எலும்புகளின் மரபணு ஆய்வு தெரிவித்தது.

இங்கே நீங்கள் பார்ப்பது அசல், நகலல்ல. குகை ஓவியங்களுக்குப் பேர்பெற்ற லாஸ்கோ குகையை 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்டு 1963இல் மூட வேண்டி வந்தது. மனிதர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சூடும் விளக்கொளியும் சேர்ந்து ஓவியங்களின் மேல் பாசியும் சுண்ணப் படிவமும் வளரச் செய்தன. அதிலிருந்து கற்ற பாடத்தால்தான் பெஷ் மேர்லில் நாளுக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வழிகாட்டியோடு சுமார் ஒரு மணி நேரம் உள்ளே இருப்பீர்கள். படம் எடுக்கக் கூடாது. வெளியே 35 டிகிரி அடித்தாலும் உள்ளே 12 டிகிரிதான், பைக்குள் ஒரு கம்பளிச் சட்டை இருக்கட்டும். குளிர்காலத்தில் குகையை மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துவிட்டே ரயில் சீட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாளை லீமோஞ் ஊரைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்துக்குக் கொடுங்கள். ஞாயிறு காலை அங்கே சந்தை கூடும், வழிக்கு வேண்டிய ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் பழமும் வாங்கிக்கொள்ளலாம். குட்டையான ஓக் மரங்களுக்கு நடுவே பெருங்கற்காலக் கல்லறைகளும், சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் அடுக்கிய மேய்ப்பர் குடிசைகளும் தென்படும். குனிந்து ஒரு குடிசைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டிக்கொண்டு வந்து உச்சியில் ஒரே கல்லில் முடியும். பலகைக் கற்களை வெளிப்புறமாக லேசாகச் சாய்த்து வைத்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்காது. சாந்து இல்லாத சுவரில் ஏறாதீர்கள், ஒரு கல் நழுவினால் அதை ஒட்டிய வரிசை முழுவதும் சரியும். ஆட்டுப்பட்டிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டமிட்ட இந்த வட்டாரத்துச் செம்மறிகளை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

வழி தவறுபவர்கள் பெரும்பாலும் குறிகளைப் படிக்கத் தெரியாதவர்கள். வெள்ளைக்கோட்டுக்குக் கீழே சிவப்புக்கோடு இருந்தால் நெடும்பாதை. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால் அந்த வட்டாரத்தைச் சுற்றும் பாதை. மஞ்சள் மட்டும் என்றால் சில மணி நேரத்தில் முடியும் உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். ஊருக்குள் வந்ததும் குறி காணாமல் போனதாகத் தோன்றும். பழைய கல்வீடுகளின் சுவரில் சாயம் பூசுவதைத் தவிர்ப்பார்கள் என்பதால் மின்கம்பத்திலும் மழைநீர்க் குழாயிலும் தேட வேண்டும். இரண்டு மஞ்சள் சுற்றுகள் சந்திக்கும் இடத்தில்தான் அதிகம் குழம்புவார்கள், அங்கே வரைபடத்தை எடுத்தே ஆக வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தும் குறி இல்லையென்றால் மேலே போகாமல் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குப் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே வரைபடத்தை முன்னாலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடையில் மூன்று. தீர்ந்துவிட்டால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் அங்கே குழாய் இருக்கும். "ஓ நோன் பொத்தாப்ள்" என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் நீரல்ல. திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் மூடியிருக்கும், பலசரக்குக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரமாவது அடைத்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது சாலட். கீரை மட்டும்தான் என்று வாங்கினால் அதன்மேல் பன்றிக்கொழுப்புத் துண்டுகளோ வாத்து இறைச்சியோ இருக்கும். "சான் வியாந்த், சான் லார்தோன்", அதாவது இறைச்சியும் பன்றிக்கொழுப்பும் இல்லாமல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தங்கும் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கும் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வைப்பது நல்லது.

புல்லில் உண்ணி உண்டு. அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கடையில் விற்கும் சிறு கொக்கியால் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நம் வழக்கப்படி எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடக் கூடாது, அப்போது உண்ணி உள்ளே இருப்பதைக் கடிவாயில் கக்கிவிடும். அடுத்த ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் சிவந்த வளையம் விரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், அது உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைப் பருவம். வழியோரம் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால், குறிப்பாகச் சனி ஞாயிறுகளில், வேறு பாதை எடுங்கள். எப்படியும் ஆரஞ்சு நிற மேலுடை போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்களில் மற்ற நேரம் பூட்டிக் கிடக்கும் பல சிற்றாலயங்களையும் கோட்டைகளையும் திறந்துவிடுவார்கள். அதற்காகவே பயணத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொள்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வெயிலும் கூட்டமும் வேண்டாம் என்பவர்களுக்கு மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை ஏற்ற காலம்.

அடுத்த முறை பயண இணைப்பிதழ் வெளியிடும்போது, ஊர்களின் பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுத்து, பேருந்து நேரம், குகை மூடும் தேதி, முன்பதிவு முறை, பாதைக் குறிகளின் படம் ஆகியவற்றோடு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பக்கம் ஏப்ரலிலேயே வர வேண்டும். ஜூலையில் வந்தால் குகைச் சீட்டும் விடுதிக் கட்டிலும் கிடைப்பது கடினம்.

இப்படிக்கு,
நடைபயணத்தில் ஆர்வமுள்ள வாசகர்கள்,
பாரிஸ்