தம்பிக்கு, அம்மா எழுதுவது (2025, தீபாவளிக்கு முன்)

அன்புள்ள தம்பிக்கு,

போன் பண்ணினால் "சரிம்மா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காங்கயம் கல்யாணத்துக்கு மருமகள் வந்திருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி மட்டும்தான் இருந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காக்காரன் நம் நாட்டுத் துணிக்குப் பழைய வரிக்கு மேலே 50 சதவீதம் போட்டுவிட்டான். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். கம்பெனிக் கணக்கெழுதிய எனக்கு இது புரியாதா? 3 டாலர் பனியனுக்கு வரி மட்டும் ஒன்றரை டாலர் கூடுகிறது. அதை டிஸ்கவுண்டாகக் கொடுத்து யாராலும் மாளாது. துணி வாங்குகிற பையர் கேட்கிறான் என்று கொடுத்துக்கொண்டே போகாதே. திருப்பூரே தவிக்கிறது, இதில் உன் திறமைக் குறைவு எதுவும் இல்லை.

ஆனால் நீ ரூமை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கட்டிங் மாஸ்டர் வீட்டம்மா சந்தையில் சொன்னாள். தையல் லைன் ஓடாமல் நிற்கிறதாம், போனஸ் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லையாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2011 ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கில் கோர்ட் சொல்லி சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினார்களே, அப்போது நீ காலேஜில் இருந்தாய். கரண்ட்டையே பிடுங்கிவிட்டார்கள். துணி இருந்தது, சாயம் போட இடமில்லை. அந்தச் சனிக்கிழமை சம்பளக் கவரை மேசையில் வைத்துவிட்டு, உங்கப்பா எல்லாரையும் செக்கிங் டேபிள் பக்கம் கூப்பிட்டார். "இருக்கிற துணிக்கு ஒன்பது நாள் வேலை இருக்கு. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியாது. அடுத்த சனிக்கிழமை இதே இடத்துல சொல்றேன்." அவ்வளவுதான் பேசினார். அடுத்த வாரமும் வந்து நின்றார். சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் வந்து, ஒன்றும் இல்லை என்பதையே சொன்னார். டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களில் சிலர் வேறு வேலைக்குப் போனார்கள், அவர் தடுக்கவில்லை. வெளிமாநிலத்தில் சாயம் போட்டுத் துணி திரும்பி வந்த அன்று ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் உட்கார ஆள் இருந்தது. முதலாளி என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று யாரும் நினைப்பதில்லை, தம்பி. தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் சொல்கிறானா என்றுதான் பார்ப்பார்கள்.

உனக்கும் அது தெரியாததில்லை. கொரோனாவில் ஒடிசாப் பையன்களுக்குச் சோறு போட்டு, மாஸ்க் தைத்து லைனை ஓட்டியவன் நீதானே? அப்போது தினமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பிள்ளை இப்போது கதவைச் சாத்திக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஜூலையில் இங்கிலாந்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நடைமுறைக்கு வந்தால் நம் துணிக்கு அங்கே வரி இருக்காது. அந்தப் பக்கம் பையர் தேடு. ஆனால் சாம்பிள் காட்டி, ஆர்டர் வாங்கி, துணி ஏற்ற மாசக்கணக்காகும். அதுவரை டெய்லர்கள் போகாமல் நம்மிடம் நிற்க வேண்டும். இன்றைக்குப் போனவர்கள் ஆர்டர் வந்ததும் ஓடி வந்துவிட மாட்டார்கள். அதனால் சொல்லிவிடு. போனஸ் பாதிதான் என்றால் பாதி என்று சொல், இரண்டு தவணை என்றால் தேதியோடு சொல். தீபாவளிக்கு முந்தின நாள் வரை இழுத்தடிக்காதே. வர்ற சனிக்கிழமையே சொல்லிவிடு.

வீட்டிலும் சொல். ஆர்டருக்காகப் பேங்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன் எவ்வளவு நிற்கிறது, எது எங்கே அடகில் இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரிந்தால்தான் அவளால் உன்னோடு நிற்க முடியும். எனக்கும் சொல். ராத்திரி தூங்குகிறாயா என்றுதான் முதலில் கேட்க நினைத்தேன், கேட்டால் எரிச்சல் படுவாய்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வா. பேங்க் பேப்பர்களையும் எடுத்து வா, ஒன்றையும் விட்டுவிட்டு வராதே. தோட்டத்துப் பத்திரத்தைப் பற்றி அதையெல்லாம் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மா