பழைய கீபோர்டை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இன்றைய இசையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செயற்கை நுண்ணறிவு பாட்டுப் போடுவதைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் வந்த நாளிலேயே விரலுக்கு வேலை போய்விட்டதாம், பொத்தானை அமுக்கினால் இசை தானாக வந்துவிடுமாம். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் திருச்சியில் ஹார்மோனியமும் கீபோர்டும் பழுது பார்க்கிறவன். அப்பா ஹார்மோனியம் மட்டும் பார்த்தார். நான் இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துவிட்டு, அப்புறம் அவருடைய மேசைக்கே வந்து உட்கார்ந்தேன். சின்தசைசரை வாசித்தும் இருக்கிறேன், திருகைக் கழற்றி உள்ளே பார்த்தும் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு ஆல்பத்தைச் சொல்கிறேன். பெயர் ‘மூன் சஃபாரி’. 1998 ஜனவரியில் வெளிவந்தது. செய்தவர்கள் ‘ஏர்’ என்ற பெயரில் இசை போடும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், நிக்கோலா கோதான், ஜான்-பெனுவா துன்கெல். இருவரும் அரண்மனைக்குப் பேர்போன வெர்சாய் ஊர்க்காரர்கள். கோதான் கட்டடக் கலை படித்தவர், துன்கெல் கணிதம் படித்தவர். காதல், கற்பனை, கனவு என்று பொருள்படும் மூன்று பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்த ‘ஏர்’. அதற்கு முன்னால் சில சிறு வெளியீடுகள் செய்திருந்தாலும், முதல் முழு ஆல்பம் இதுதான்.

நான் அதைக் கேட்டது ரொம்பத் தாமதமாகத்தான். ஒரு கல்லூரிப் பையன் ஸ்பீக்கரில் கரகரப்பு என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். சரிசெய்து முடித்ததும், “இத வச்சு செக் பண்ணுங்கண்ணே, பேஸ் நல்லாத் தெரியும்” என்று போனிலிருந்து ஒரு டிராக்கைப் போட்டான். அந்த ஆல்பத்தின் முதல் டிராக் அது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, பாட்டு வரிகள் கிடையாது. பேஸ் கிட்டார் ஒரே நடையைப் பிடித்துக்கொண்டு அவசரமே இல்லாமல் போகிறது. அதன்மேல் எலெக்ட்ரிக் பியானோ வந்து உட்கார்கிறது. அப்புறம் மெல்ல, நெய் உருகி ஓடுகிற மாதிரி, ஒரு சின்தசைசர் குரல் எழும்புகிறது. கையிலிருந்த சாலிடரிங் அயனைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, முதல்லேர்ந்து போடு” என்றேன். ஸ்பீக்கரைச் சோதிக்கப் போட்ட டிராக்கை மூன்று முறை கேட்டோம்.

அந்த ஆல்பம் உருவான காலத்தை நினைத்துப் பாருங்கள். 1983இல் யமாஹா டிஎக்ஸ்7, 1988இல் கோர்க் எம்1 என்று டிஜிட்டல் கீபோர்டுகள் வந்தன. பொத்தானைத் தட்டினால் வயலின், மறுபடி தட்டினால் புல்லாங்குழல். உலகம் முழுக்க எல்லோரும் அதற்கு மாறினார்கள். நம் குழுக்களும் மாறின. கணினி முறை இல்லாத எழுபதுகளின் அனலாக் கருவிகளை ‘பழசு, கனம், சுருதி நிற்காது’ என்று ஓரங்கட்டினார்கள். அவை பழைய சாமான் கடைகளுக்கும் வீட்டு மூலைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தொண்ணூறுகளில் கோதானும் துன்கெலும் தேடிப் பிடித்து வாசித்தது இப்படி ஒதுக்கப்பட்ட கருவிகளைத்தான். மினிமூக், கோர்க் எம்எஸ்-20, சொலினா, வூர்லிட்சர் என்று ஒவ்வொன்றும் அப்போதே இருபது வயதை நெருங்கியது அல்லது தாண்டியது.

பொத்தான் கதைக்கு வருகிறேன். மினிமூக் 1970இல் அமெரிக்காவில் பாப் மூக்கின் கம்பெனி கொண்டுவந்த கருவி. மொத்தம் 44 கட்டை. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும், நாகஸ்வரம் மாதிரி. உள்ளே ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் மூன்று. மூன்றையும் துல்லியமாக ஒரே சுருதியில் நிறுத்தினால் சத்தம் தட்டையாக இருக்கும். ஒன்றை மட்டும் ஒரு மயிரிழை விலக்கினால்தான் உருண்டு திரண்டு வரும். எவ்வளவு விலக்குவது என்று எந்த மீட்டரும் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் உடனே வாசிக்கவும் முடியாது. உள்ளே சூடேறிச் சுருதி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் மெமரி கிடையாது. இன்று ராத்திரி ஒரு அருமையான டோன் கிடைத்தால் நாளைக் காலை அது உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு காகிதத்தில் திருகிற நாப் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு, முள் எந்தப் பக்கம் நின்றது என்று கோடு இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தாலும் மறுநாள் அதே குரல் அப்படியே வராது, தம்பி முறை போல ஒன்றுதான் வரும். 1978இல் வந்த எம்எஸ்-20யும் இதே ஜாதிதான். அதில் கூடுதலாக ஒரு பக்கம் முழுக்கத் துளைகள். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு ஒயரைச் செருகுகிறோமோ அதைப் பொறுத்துக் குரல் மாறும். இவ்வளவையும் செய்கிறவரைப் பொத்தான் அமுக்குகிறவர் என்று எப்படிச் சொல்வது?

சொலினாவையும் சொல்ல வேண்டும். 1974இல் ஹாலந்தில் செய்தது. வயலின் கூட்டம் போல ஒலிக்கும் என்று விற்றார்கள். மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களை மட்டும் உண்டாக்கிக்கொண்டு, கீழே உள்ளதையெல்லாம் அதிலிருந்து பாதி, பாதியில் பாதி என்று வகுத்தே எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டால் கொசு மாதிரிதான் இருக்கும். அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தி, சுருதியை மெல்ல ஆட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும்போது பனி இறங்குவது போல ஆகிறது. உண்மையான வயலின் போல அது ஒருநாளும் ஒலித்ததில்லை. ஏர் அதை வயலினுக்குப் பதிலாக வைக்கவில்லை என்பதற்கு அந்த ஆல்பமே சாட்சி. நிஜ வயலின்கள் தேவைப்பட்ட இடங்களுக்கு டேவிட் விட்டேகரை அழைத்து இசைக்கோவை எழுதச் சொல்லி, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஆட்களை உட்கார வைத்துத்தான் பதிவு செய்தார்கள். இரண்டு பாட்டுக்கு பெத் ஹிர்ஷ் என்ற அமெரிக்கப் பெண் குரல் கொடுத்தார். 1929இல் பிறந்த மின்னிசை முன்னோடி ழான்-ழாக் பெர்ரேயும் ஒரு பாட்டில் கைகோத்தார். மிஷின் வந்ததும் மனிதனை அனுப்பிவிட்டார்கள் என்பது ஏர் இருவர் விஷயத்தில் நடக்கவே இல்லை.

இந்தக் கருவிகளில் என் மனதுக்கு ரொம்ப நெருக்கமானது வூர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ. காரணம் அப்பா. ஹார்மோனியத்தில் பித்தளை ரீட் இருக்கும், துருத்திக் காற்று பட்டு அது துடிக்கும். சுருதி ஏறவேண்டுமானால் அப்பா ரீடின் நுனியை ஒரே ஒரு இழுப்பு சுரண்டுவார். இறங்கவேண்டுமானால் அடிப்பக்கம். சுரண்டிவிட்டு வாயால் தூசி ஊதி, திரும்ப மாட்டி, தம்புராவோடு வைத்துக் கேட்பார். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டார். வூர்லிட்சருக்குள்ளேயும் ரீட்தான். எஃகு ரீட். காற்றுக்குப் பதில் சின்னச் சுத்தியல் வந்து தட்டும். ரீட் ஆட ஆட, பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்து, அதுவே மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகும். சுருதி சேர்ப்பது எப்படித் தெரியுமா? ரீட் நுனியில் ஒரு பொட்டு ஈயம் இருக்கும். அதை அரத்தால் ராவினால் சுருதி ஏறும், இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தால் இறங்கும். அமெரிக்காவில் செய்த பியானோவும் திருச்சியில் அப்பா சரிபார்த்த ஹார்மோனியமும் ஒரே வித்தையில் நிற்கின்றன. முதல் முறை அந்த ஈயப் பொட்டின் படத்தைப் பார்த்தபோது அப்பா உயிரோடு இல்லையே என்றுதான் இருந்தது.

இனி என் வருத்தத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் ரோலண்டு ஜூனோ-106 என்ற சின்தசைசர் ஒன்று இருந்தது. 1984இல் வந்த மாடல். ‘மூன் சஃபாரி’க்கு ஒரு வருடம் முன்னால், 1997இல், டாஃப்ட் பங்க் என்ற இன்னொரு பிரெஞ்சு இருவர் அணி தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பாரிஸில் ஒரு படுக்கையறையில் வைத்து அவர்கள் உருவாக்கிய அந்த ஆல்பத்திலும் ஜூனோ-106 உண்டு. பள்ளியில் இருந்த கருவியை ஆண்டுவிழாவில் நானே வாசித்திருக்கிறேன். அப்புறம் அது ‘கெட்டுப்போய்விட்டது’. கட்டைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் ஐந்து சுரம் ஒழுங்காகப் பேசும், ஆறாவது சுரம் வெடித்துக் கரகரக்கும், அல்லது பேசவே பேசாது. மறுபடி ஐந்து நல்லது, ஒன்று கெட்டது.

இது சாவு நோயே அல்ல. ஜூனோவுக்கு ஆறு குரல், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம் பேசும். குரலுக்கு ஒன்றாக உள்ளே ஆறு சில்லுகள். ஒவ்வொரு சில்லின் மேலும் கறுப்பாக ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்தப் பூச்சே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடி ஸ்விட்சைப் போட்டால் கருவி சோதனை நிலைக்குப் போய், எந்தக் குரல் பேசுகிறது என்று எண்ணால் காட்டும். கெட்ட சில்லைக் கழற்றி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஊறப்போட வேண்டும். ஒருநாள், சிலசமயம் இரண்டு நாள். பூச்சு ஊறிப்போன அட்டை மாதிரி இளகும். பல்குச்சியால் அழுத்தாமல் உரித்து எடுத்தால் அடியில் எறும்புத் தலை அளவு பாகங்கள் பளிச்சென்று தெரியும். காயவிட்டுத் திரும்பச் சாலிடர் செய்தால் பெரும்பாலும் பேசிவிடும். செலவு ஒரு பாட்டில் அசிட்டோனும் ஒருவருடைய பொறுமையும்.

அதை அந்தப் பள்ளியில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. தகவல் தெரிந்து நான் போனபோது கருவி எடைக்குப் போய்விட்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் தேடினேன். டப்பா தனியாக, கட்டைகள் தனியாக ஒரு சாக்கில், போர்டுகளைக் காணோம். சாக்கிலிருந்து கட்டைகளை எடுத்துப் பார்த்தேன். நடு ஸ்தாயியில் இருந்தவை குழந்தைகளின் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தன. கிலோவுக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து அந்தச் சாக்கை வாங்கி வந்தேன். பள்ளியின் பெயரை எழுத விருப்பமில்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதன் மதிப்பு தெரியாமல் செய்துவிட்டார்கள்.

கோதானும் துன்கெலும் 2024இல் அந்த முதல் ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா மேடையிலும் வாசித்தார்கள். இருபத்தாறு வருடம் கழித்தும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஜனம் காசு கொடுத்து வருகிறது. உலகம் குப்பை என்று ஒதுக்கிய கருவிகளில் போட்ட அடித்தளம் அது. நம் பையன்களுக்கும் அப்படி ஒரு கருவி கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. செல்போனில் அதே மாதிரிச் சத்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சத்தம்தான். ஆனால் நாபைத் திருகும்போது விரலுக்கும் காதுக்கும் நடுவில் நடக்கிற பேச்சுவார்த்தை கண்ணாடித் திரையில் நடப்பதில்லை.

உங்கள் பத்திரிகை மூலம் பள்ளிகளையும், சர்ச்சுகளையும், பழைய மெல்லிசைக் குழுக்காரர்கள் வீட்டாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில், கட்டிலுக்கடியில் பழைய கீபோர்டு கிடந்தால், என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். ஜப்பானில் விற்பதற்காகச் செய்தவை பல 100 வோல்ட்டுக்கானவை. நம் 230இல் போட்டால் அங்கேயே முடிந்துவிடும். முதலில் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். உள்ளே மெமரிக்கான பேட்டரி கசிந்திருந்தால் போர்டைத் தின்றுவிடும், அதையும் தெரிந்தவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். எலி கடித்தது, மழையில் நனைந்தது, பாதி கட்டை போனது எதுவானாலும் அருகில் இருக்கும் ரிப்பேர்காரரிடமோ இசைக் கல்லூரியிலோ கொடுங்கள். ஒன்றும் பேசாத கருவியின் ஸ்லைடரும் நாபும் கட்டையும் இன்னொன்றைப் பேசவைக்கும். அந்தச் சாக்கில் இருந்த கட்டைகளில் ஒன்பதை போன மாதம் வேறொரு ஜூனோவுக்கு மாட்டிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஹார்மோனியம், கீபோர்டு பழுது பார்ப்பவர்,
திருச்சி.